இரண்டாவது வரிசையில் மூன்றாவது ஆள்

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் அதிகமாகச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருக்கும் அந்த நீள அறையில் முப்பத்தோரு வருடங்களாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டுவார். விளக்கை அணைப்பார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் மட்டும் மிதக்கும். ஒரு வில்லையைப் போட்டு எடுப்பார், இன்னொன்றைப் போடுவார், கேட்பார். தூக்கத்திலும் கேட்பதாக மனைவி சொல்லிச் சிரிப்பாள். "என்னை எழுப்பி உட்கார வச்சு இதுவா அதுவான்னு கேட்டீங்க. ரெண்டுமே இருட்டுதாங்கன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க."

அவருக்கு எழுத்துகள் முக்கியமில்லை, சொல்கிறவரின் குரல்தான் முக்கியம். பார்த்துச் சொல்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். இவர் சத்தமில்லாமல் வேறு பலகையை மாட்டிவிட்டார். மனிதர் பழைய பலகையைக் கடைசி வரி வரைக்கும் கணீரென்று ஒப்பித்தார். "நீங்க பார்த்து எதைப் போட்டாலும் சரிதான், தம்பி" என்று முழுப் பொறுப்பையும் இவர் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிற அம்மாக்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் அவரிடம் ஒரு வழி இருந்தது. வில்லையை எடுப்பது போல் எடுத்து, அதையே திரும்பப் போடுவார். "இப்ப?" என்பார். "ஆஹா, இப்பப் பளிச்சுன்னு இருக்கு" என்று பதில் வந்தால் அந்த ஆள் இவரைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறார் என்று அர்த்தம். அதைச் சொல்லி யாரையும் அவர் கூனிக் குறுக வைத்ததில்லை. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க, முதல்ல இருந்து பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான்.

மனைவி தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் ஒரு சேர்ந்திசைக் குழு கூடும். அதில் அவளும் அவள் தங்கையும் பாடினார்கள். மொத்தம் நாற்பது பேர். நடத்தியது ஒரு வேதியியல் ஆசிரியை. கையில் கோலுக்குப் பதிலாகப் பென்சில் வைத்திருப்பார். தப்பாகப் பாடுகிறவர்களை அந்தப் பென்சிலால் சுட்டிக் காட்டுவார் என்பதால், பென்சில் தன் பக்கம் திரும்பாதவரை நன்றாகப் பாடுகிறோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் குழு ஒரு சிடி போட்டது. பதினொரு பாட்டு. கடையில் விற்பதற்காக அல்ல. பாடியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி. அட்டையில் எல்லோரும் நிற்கும் படம். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக அவள், நான்காவதாகத் தங்கை. சிடி வந்த அன்று மாலை கண்ணாடிக்காரர் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஒரு சிடி பிளேயரும் வாங்கிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். அதுவரை அந்த வீட்டில் சமையலறை ரேடியோவைத் தவிர வேறு பாட்டுப்பெட்டி கிடையாது.

"இது எதுக்குங்க, தேர் மாதிரி?" என்றாள்.

"உன் குரலைச் சமையலறை ரேடியோவிலயா கேட்க முடியும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒயர்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பாட்டு தொடங்கியதும் அவர் கேட்டார்: "இதுல நீ எங்க?"

"கண்டுபிடிங்க பார்க்கலாம்."

அன்று ஆரம்பித்த விளையாட்டு எட்டு வருடம் ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். திடீரென்று விரலை உயர்த்தி, "இதோ, இதுதான் நீ" என்பார். "ஐயோ, அது தையல் டீச்சர்." இன்னொரு நாள், "இது?" "அது பேங்க் மேனேஜரோட மாமியாருங்க. அவங்க காதுல விழுந்துடப் போகுது." ஒரு முறை மிக உறுதியாகச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது ஆம்பளைக் குரல்!"

போன வருடம், மூன்றே வாரப் படுக்கையில், அவள் போய்விட்டாள்.

முகத்துக்குப் படங்கள் இருந்தன. கையெழுத்துக்குப் பழைய ரசீதுகளின் பின்பக்கம் இருந்தது. குரலுக்குத்தான் ஒன்றும் இல்லை. கைபேசியில் படம் பிடிக்கிறோம் என்று தெரிந்தால் அவள் ஊமையாகிவிடுவாள். வீட்டில் இருக்கும் எல்லாப் பதிவிலும் கையை ஆட்டி விலகிப் போகிறாள். முதல் சில மாதங்கள் அவருக்கு அந்தக் குரல் நினைத்த மாத்திரத்தில் காதில் வந்தது. பிறகு வார்த்தைகள் மட்டும் வந்தன. வில்லை மாற்றி மாற்றி வைத்தும் பிடிபடாத எழுத்தைப் போல, என்ன என்று தெரியும், ஓரம் தெரியாது. மறந்துகொண்டு வருகிறோம் என்று ஒரு காலையில், கடைக் கதவைத் திறக்கும்போது, அவருக்குப் புரிந்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றார்.

அந்தக் குரல் உலகத்தில் மிச்சமிருக்கும் இடம் ஒன்றே ஒன்று. நாற்பது பேருக்கு நடுவில்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய பிளேயர் தடுமாற ஆரம்பித்தது. சிடியை விழுங்கும், சுற்றும், ஒன்றும் தெரியவில்லை என்று துப்பிவிடும். அதற்கும் ஒரு கண் உண்டு. பட்டாணி அளவில் ஒரு வில்லை. அதன் வழியாகத்தான் சிடியைப் படிக்கிறது. மூடியைக் கழற்றி, தன் கடைத் திரவத்தால், தன் கடைத் துணியால், அதை அவரே துடைத்தார். இரண்டு வாரம் படித்தது. மறுபடியும் மங்கிவிட்டது. அப்போதுதான் அவர் தீர்மானித்தார்: வாங்குவது வாங்குகிறோம், நாற்பது குரலையும் பிரித்துக் காட்டுகிற ஒன்றாக வாங்குவோம்.

அப்படிப்பட்ட கருவிகளை விற்கும் கடை, காலணிக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. ஏறிப் போனால் தெருச் சத்தம் படிக்குப் படி குறையும். உள்ளே ஒரு அறை. தரையிலும் சுவரிலும் கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. புதன்கிழமை மதியங்களில் கண்ணாடிக்காரர் கடையை மூடுவார். அந்த மதியங்களில் அவர் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்.

கடைக்காரர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். "எந்த மாதிரிப் பாட்டு கேட்பீங்க, சார்?"

"ஒரே ஒரு சிடிதான். அதுல ஒரு குரலைத் தேடணும்."

"யார் பாடுறது?"

"என் வீட்டுக்காரி. நாற்பது பேர்ல ஒருத்தி. இரண்டாவது வரிசை, இடமிருந்து மூணாவது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அட்டைப் படத்தை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "கஷ்டம்தான். கேட்டுப் பார்ப்போம்."

இரண்டு பிளேயர்களை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், மெலிசு. இன்னொன்று கருப்பு, தூக்க இரண்டு கை வேண்டும். மேல் மூடியைத் தள்ளி, சிடியை வைத்து, அதன் மேல் சின்னக் காந்தக் குமிழ் ஒன்றை வைக்க வேண்டும். "வெள்ளி எல்லாத்தையும் முன்னாடி கொண்டு வந்து நிறுத்திக் காட்டும்" என்றார் கடைக்காரர். "கருப்பு எதையும் கொண்டு வராது. நம்மளைத்தான் உள்ள கூட்டிட்டுப் போகும்."

முதலில் வெள்ளி, பிறகு கருப்பு. கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். "ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணா இருக்கா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"வெளிச்சத்தையும் கூட்டி, வில்லையையும் மாத்தினா, எதனால தெளிவாச்சுன்னு சொல்ல முடியாது."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கண்ணாடிக் கடை."

"அப்படிச் சொல்லுங்க! நீங்க கண்ணு, நான் காது. மூக்குக்கு ஒருத்தர் கிடைச்சா முகத்தை முடிச்சிடலாம்." அளவுமானியை எடுத்து வந்து இரண்டின் சத்தத்தையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக்கினார். பிறகு சொன்னார்: "இன்னொரு சிக்கல் இருக்கு. சிடியை இதுல இருந்து எடுத்து அதுல போடுறதுக்குள்ள காது முன்னாடி கேட்டதை மறந்துடும். அதுக்கு ஞாபக சக்தி கம்மி. இதே சிடி இன்னொண்ணு இருந்தா ரெண்டுலயும் ஓட விட்டு, பட்டனை அழுத்தி மாத்தி மாத்திக் கேட்கலாம்."

இன்னொன்று மச்சினியிடம் இருந்தது. அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தான், உங்ககிட்ட இல்லையா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"கேட்கப் போறேன். வேற என்ன?"

அவள் எழுந்து போய் அலமாரியில் தேடி சிடியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை இரண்டு பிளேயரும் ஒன்றாக ஓடின. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சின்ன விசை. அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். கடைக்காரர் விளக்கைத் தணித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மதியத்தின் அந்த நேரத்தில், வயிறு நிறைந்து, கம்பளத்தின் மௌனத்தில், அவருக்கு அது ஒரு அறை என்பதே மறந்துபோயிற்று. சுவர் விலகியது. அந்த இடத்தில் படிகள், படிகளில் நாற்பது பேர். முகம் தெரியவில்லை, குரல்தான் முகமாக இருந்தது. அவர் எழுந்து அவர்களுக்கு நடுவே நடந்தார். முதல் வரிசையில் கண்ணாடிக் குவளை போன்ற குரல்கள், ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல். தையல் டீச்சரை அடையாளம் தெரிந்தது. பேங்க் மேனேஜரின் மாமியாரும் இருந்தார். அவர்கள் பாடுவதை நிறுத்தாமலே தோளைச் சற்றுத் திருப்பி அவருக்கு வழி விட்டார்கள். இரண்டாவது வரிசைக்கு ஏறினார். அங்கே வெளிச்சம் குறைவு. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனார்.

நான்காவது பாட்டு, மூன்றாவது வரியின் கடைசி. எல்லோரும் இறங்குகிற இடத்தில் ஒரு குரல் ஒரு நொடி தாமதமாக இறங்கியது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணியைப் போன்ற குரல். அதில் ஏதோ ஒன்று அவர் வீட்டில் புழங்கியது. விசையைப் பார்த்தார்: வெள்ளி. கருப்பில் அது கூட்டத்துக்குள் கரைந்துவிட்டது. வெள்ளியில் விளிம்போடு நின்றது.

"கிடைச்சிட்டா" என்றார் வெளியே வந்து. கடைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

வெள்ளியைக் கட்டிவைக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் விடவில்லை. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது புதன்கிழமை மச்சினியை அழைத்துக்கொண்டு வந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் நின்றார். விசை அவர் கையில். கடைக்காரர் தேநீர் போடப் போனார்.

பாட்டு வந்தது. மூன்றாவது வரி வந்தது.

"இப்ப. இதுதானே?"

"ஆமா அத்தான்" என்றாள் அவள். "அக்காதான்."

சட்டென்று வந்த ஆமாம். அவருக்கு அந்த ஆமாம் தெரியும். இருட்டில், எதிரே எழுத்து மங்கலாக மிதக்கும்போது, பாவம் இந்த மனிதர் இவ்வளவு சிரமப்படுகிறாரே என்று வந்தவர்கள் சொல்கிற ஆமாம். அதைக் கேட்காததுபோல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்விடலாம், வெள்ளியோடு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நான்காவது பாட்டு. ஆனால் வாய் அவரைக் கேட்காமல் பேசிவிட்டது.

"இரு, மாத்திப் போடுறேன்." பாட்டைப் பின்னுக்குக் கொண்டுபோனார். விசையில் விரலை வைத்தார், அழுத்தவில்லை. வரி மறுபடி வந்தது. "இப்ப?"

"இப்ப இன்னும் நல்லாக் கேட்குது. அக்கா குரல் தனியாத் தெரியுது."

அவர் பாட்டை நிறுத்தினார். "நான் எதையும் மாத்தலம்மா."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கரண்டி ஒன்று குவளையில் மோதும் சத்தம் மட்டும்.

"அது நான் அத்தான்" என்றாள் கடைசியில். "எனக்கு அந்த இடத்துல எப்பவும் மூச்சு பத்தாது, பிந்தித்தான் இறங்குவேன். டீச்சர் பென்சிலைக் காட்டிக்கிட்டே இருப்பாங்க."

"அதான் பழகின மாதிரி இருந்துச்சு." விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அவ எங்க?"

"அக்கா பாடல."

"இந்தப் பாட்டுலயா?"

"எதுலயுமே. பதிவு அன்னிக்கு அக்காவுக்கு நல்ல இருமல். நடுவுல இருமித் தொலைச்சா நாற்பது பேரும் முதல்ல இருந்து பாடணும். வராம இருந்தா அன்னிக்கே எடுக்கிற அட்டைப் படத்துல இடம் காலியா இருக்கும்னு டீச்சர் திட்டுவாங்க. அதனால வந்து நின்னுட்டு, வாயை மட்டும் அசைச்சா. பதினோரு பாட்டும். கண்ணுல தண்ணி கொட்டுது, இருமலை அடக்கி அடக்கி. நான் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சிரிப்பை அடக்குறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தா. நீங்க அன்னிக்கே போய் அந்த ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு வந்துட்டீங்களே!" மச்சினி நிமிர்ந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, அக்கா எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள்: "'குட்டி, உங்க அத்தான் தேர் மாதிரி ரெண்டு பெட்டியை நட்டு வச்சுட்டு எதிர்ல உட்கார்ந்திருக்காருடி. இப்பப் போய், நான் பாடவே இல்லைங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?'"

அந்த 'டி' என்ற இடத்தில் குரல் சற்று மேலே போய் இறங்கியது. கண்ணாடிக்காரர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அதேதான். ஓரம், நடு, எல்லாம் தெரிந்தது. ஒரு நொடிதான். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். எட்டு வருடம்! எட்டு வருடம் விரலை உயர்த்தி உயர்த்தித் தேடியிருக்கிறார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஒருதரம்கூடப் பொய் சொல்லவில்லை. சிரிப்பு நிற்காமல் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. மச்சினியும் நாற்காலியிலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே பண்ணாமலா நின்னா?" என்று கேட்டார், தணிந்தபின்.

"சும்மா நிக்க முடியுமா? தோளைத் தூக்கணும், மூச்சை இழுக்கணும், வாயைத் திறக்கணும். டீச்சர் பென்சிலை மேல தூக்கினதும் எல்லாரோடயும் சேர்ந்து நல்லா இழுப்பா. என் தோள்ல இடிக்கும். அதுக்கப்புறம்தான் நடிப்பு."

கடைக்காரர் மூன்று குவளைகளோடு வந்து, இருவரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தானும் உட்கார்ந்தார். "அப்ப வெள்ளியைக் கட்டிடலாமா சார்?"

"கொஞ்சம் பொறுங்க. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒருதரம் கேட்கணும்."

"முன்னாடி என்ன இருக்கு?"

"நாற்பது பேர் மூச்சு இழுக்கிறாங்க."

கடைக்காரர் குவளையைக் கீழே வைத்தார். வெள்ளியில் போட்டார். ஒன்றுமில்லாத ஒரு கணம், பிறகு 'ஸ்' என்று காகிதம் கிழிவது போல் ஒரு கீற்று, உடனே பாட்டு. கருப்புக்கு மாற்றினார். முதலில் ஒரு கூடம் வந்தது. அதன் உயரம், யாரோ காலை மாற்றி வைப்பது. அப்புறம் அந்த மூச்சு, அகலமாக, மெதுவாக, ஒரு பெரிய திரைச்சீலை காற்றில் எழுவது போல் எழுந்தது. தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. எந்தக் கருவியாலும் முடியாது என்று கடைக்காரர் முகமே சொன்னது. பாடியவர்கள் முப்பத்தொன்பது பேர். மூச்சு இழுத்தவர்கள் நாற்பது.

"எது சார்?" என்றார் கடைக்காரர் மெதுவாக.

"கருப்பு" என்றார் கண்ணாடிக்காரர். அதைச் சொல்ல அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி கனம். படியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பக்கவாட்டில் நடந்து இறங்கினார்கள். "இதை விட எங்கக்கா லேசு" என்றாள் மச்சினி, மூச்சு வாங்க. வீட்டில் பழைய பிளேயர் இருந்த இடத்தில் வைத்து, அவரே ஒயர்களைப் பொருத்தினார். திரை வழியாக வந்த மாலை வெயில் ஒலிபெருக்கிகளின் மேல் பாதிவரை ஏறியிருந்தது. மூடியைத் தள்ளி, சிடியை வைத்து, குமிழை வைத்தார். நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

கூடம் வந்தது. மூச்சு எழுந்தது. முதல் சொல் தொடங்குவதற்குள் நிறுத்தினார். மறுபடி போட்டார். கூடம், கால் மாறுவது, மூச்சு. அவருடைய தோளும் கூடவே உயர்ந்தது. நிறுத்தினார். மறுபடி.

நாலாவது தடவை மச்சினி சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாட்டைக் கேட்கலையா அத்தான்?"

"இரும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "பாட்டு எங்க போயிடப் போகுது."